சீனாவில் செய்த பொருளுக்குக் கோவையில் நான் பொறுப்பா?

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளிவர வேண்டாம் என்று கேட்டிருப்பதால், கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

பல வருடங்களாக அழகு நிலையம் நடத்திவந்தவர் அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிராண்ட் பெயரைப் பதிவு செய்து, சார்ஜ் செய்து பயன்படுத்தும் டிரிம்மர்களையும் ஹேர் டிரையர்களையும் சீனாவிலிருந்து வரவழைத்து விற்கத் தொடங்கினார். இப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 டிரிம்மர், 8,000 டிரையர் விற்கின்றன. விற்றுவரவு இரண்டரைக் கோடி ரூபாய். பாதி அழகு நிலையங்களுக்குப் போகிறது, மீதி இணைய விற்பனைத் தளம் ஒன்றின் வழியாகப் பல மாநிலங்களுக்குப் போகிறது. சென்ற மாதம் அந்தத் தளம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது: ஈ.பி.ஆர். (விற்ற பொருள் கழிவான பிறகும் உற்பத்தியாளருக்கு உள்ள பொறுப்பு) பதிவெண்களை 30 நாளுக்குள் தராவிட்டால் பொருட்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்களாம்.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. “இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கான சட்டம், நம்மிடம் சிறுதொழில் பதிவான உத்யம் சான்றிதழ் இருக்கிறது, யாரும் கேட்கமாட்டார்கள்” என்கிறார் கணவர். வேறொருவருடைய இறக்குமதி எண்ணில் சரக்கை எடுத்துவிடலாம் என்கிறார் கொழுந்தனார். ஏஜென்ட் ஒருவர் வந்து, 12,000 ரூபாய் கொடுத்தால் எல்லாச் சான்றிதழையும் ஒரே வாரத்தில் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாரன்டியில் திரும்பி வரும் பழுதான பொருட்களை இத்தனை நாளும் காயலான் கடைக்காரர் ஒருவரிடம் எடைக்குப் போட்டிருக்கிறார் வாசகி. “அந்த அண்ணன் கடைக்குப் பின்னால் ஒயரைக் கொளுத்தும் புகை எங்கள் குடோன் வரைக்கும் வருகிறது. அதை நிறுத்தச் சொன்னால் அவர் பிழைப்பு என்ன ஆகும் என்று யோசித்துப் பேசாமல் இருந்துவிட்டேன்” என்று எழுதியிருக்கிறார். கடைசியாக அவர் கேட்பது இது: “நான் ஒரு திருகாணிகூட முடுக்கவில்லை. சீனாக்காரர் செய்த பொருளுக்கு நான் எப்படிப் பொறுப்பு? என்னைச் சிறையில் போடுவார்களா?”

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் கடைசிப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் முன்பு ஐந்து ஆண்டு வரை சிறை இருந்தது உண்மை. ஜன் விஸ்வாஸ் சட்டத்தின் மூலம் அது திருத்தப்பட்டு, 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதமாக மாறியிருக்கிறது. விசாரித்து முடிவெடுக்கத் தனி அதிகாரி உண்டு. அவர் விதித்த அபராதத்தைக் கட்டாமல் இழுத்தடித்தால்தான் சிறை என்ற பேச்சு வரும். தெரியாமல் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, தெரிந்தவுடன் சரிசெய்ய முன்வருகிறவர் நீங்கள். உங்களைத் தேடி யாரும் விலங்கோடு வரப்போவதில்லை. ஆனால் 15 லட்சம் என்பது உங்கள் தொழிலை முடக்கக்கூடிய தொகை. அதனால் ஆறுதலோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

நீங்கள் பொறுப்பா என்ற கேள்விக்கு என் பதில்: ஆம், நீங்கள்தான் பொறுப்பு. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, தொழிற்சாலை வைத்திருப்பவரை மட்டும் உற்பத்தியாளர் என்று சொல்லவில்லை. பிறர் செய்த பொருளைத் தன் பிராண்டில் விற்பவரும், இறக்குமதி செய்து விற்பவரும் அதே வரையறைக்குள் வருகிறார்கள். உங்களுக்கு இரண்டுமே பொருந்துகின்றன. இந்த விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. பழைய விதிகளில் 21 வகைப் பொருட்கள்தான் இருந்தன. இப்போது 106. முடி வெட்டவும் உலர்த்தவும் சவரம் செய்யவும் பயன்படும் மின்சாதனங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன.

இது அநியாயம் என்று உங்களுக்குத் தோன்றுவதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் வேறு யாரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுப்பது என்று யோசித்துப் பாருங்கள். சீனாவின் ஷென்சென் நகரத்து ஆலைமீது இந்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அதிகாரம் இல்லை. பொள்ளாச்சியில் டிரிம்மர் வாங்கிய இளைஞருக்கு அதற்குள் என்ன உலோகம் இருக்கிறது என்று தெரியாது. நகராட்சித் தூய்மைப் பணியாளர் அதைக் குப்பையோடு குப்பையாக அள்ளும்போது காலம் கடந்துவிடுகிறது. எந்த மாடலை வாங்குவது, கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியா ஒட்டிவைத்த பேட்டரியா, பெட்டிக்குள் எவ்வளவு பிளாஸ்டிக் என்றெல்லாம் ஆர்டர் கொடுக்கும்போது தீர்மானிக்கிறவர் நீங்கள். லாபம் பார்ப்பவரும் நீங்கள். 1990-இல் ஸ்வீடனின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் ஈ.பி.ஆர். என்ற இந்தக் கொள்கையை முன்வைத்தபோது அதன் உயிர்நாடியே இதுதான்: பொருளின் கடைசிக் காலச் செலவும் விற்பவர் கணக்கில் ஏறினால்தான், அவர் முதலிலேயே நல்ல பொருளைத் தேர்ந்தெடுப்பார். நான் இதை முழுமனதோடு ஏற்கிறேன். சிறு தொழில் செய்பவர்களுக்காக வாதாடுகிறவன்தான் நான். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் சட்டத்தின் பக்கம் நிற்கிறேன்.

ஒரு பெட்டி, மூன்று விதிகள்

விற்பனைத் தளம் “பதிவெண்கள்” என்று பன்மையில் கேட்டதைக் கவனித்தீர்களா? இந்தச் சிக்கலோடு என்னிடம் வருகிறவர்களிடம், விற்கும் பொருளில் ஒரு பெட்டியை எடுத்துவந்து மேசைமேல் பிரிக்கச் சொல்வேன். நீங்களும் இன்று ஒரு டிரிம்மர் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். மேலே கண்ணாடி போன்ற மெல்லிய உறை. அட்டைப் பெட்டி. உள்ளே பொருளை அசையாமல் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் தட்டு. சார்ஜர் ஒயருக்கு ஒரு பாலித்தீன் பை, சீப்புகளுக்கு இன்னொரு பை. பிறகு டிரிம்மர். அதன் அடிமூடியைக் கழற்றினால் விரல் நீளத்தில் ஒரு லித்தியம் பேட்டரி, மோட்டார், சிறிய சர்க்யூட் போர்டு.

மோட்டாரும் போர்டும் ஒயரும் மின்னணுக் கழிவு விதிகளில் வரும். பேட்டரி, பொருளுக்குள் பொருத்தப்பட்டிருந்தாலும், பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-இல் தனியாக வரும். உறையும் தட்டும் பைகளும் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் வரும். 2016-ஆம் ஆண்டின் அந்த விதிகளில் 2022 பிப்ரவரியில்தான் உற்பத்தியாளர் பொறுப்புக்கான விரிவான வழிகாட்டுதல் சேர்க்கப்பட்டது. அதன்படி கெட்டியான தட்டு முதல் வகை, நெளியும் பைகள் இரண்டாம் வகை, பல அடுக்கு உறை இருந்தால் மூன்றாம் வகை.

மூன்றுக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் தனித்தனிப் பதிவு உண்டு. பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை, ஓரிரு மாநிலங்களில் மட்டும் விற்பவர்கள் மாநில வாரியத்திடம் பதிவு செய்ய வேண்டும். உங்கள் சரக்கு பல மாநிலங்களுக்குப் போவதால் மத்திய வாரியம்தான். ஏஜென்ட் “எல்லாம் ஒரே சான்றிதழ்” என்று சொல்லியிருந்தால், அவருக்கு விஷயம் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

உத்யம் சான்றிதழ் காப்பாற்றுமா?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

மின்னணுக் கழிவு விதிகள் குறுந்தொழில்களுக்குப் பொருந்தாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் குறுந்தொழில் என்றால் முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் விற்றுவரவு பத்துக் கோடிக்குள்ளும் இருக்க வேண்டும். உங்கள் விற்றுவரவு அதற்குள் அடங்குகிறது. ஆனால் உங்கள் உத்யம் சான்றிதழை எடுத்து, எந்தத் தொழிலாகப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் வாங்கி விற்பவர். மொத்த, சில்லறை வணிகர்களை உத்யம் பதிவுக்குள் அனுமதித்த 2021 ஜூலை உத்தரவு, அவர்களுக்குக் கிடைக்கும் பலன் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் என்று வரையறுத்திருக்கிறது. பொருள் செய்கிற குறுந்தொழிலுக்குக் கிடைக்கும் விலக்கை இறக்குமதி வணிகர் கேட்டால், இந்த உத்தரவைத்தான் முதலில் எதிரில் நீட்டுவார்கள். நோட்டீஸ் வந்தால் உங்களுக்காக அந்த வாதத்தை நான் எடுத்துவைப்பேன். அந்த வாதம் ஜெயிக்கும் என்று நம்பித் தொழில் நடத்தச் சொல்லமாட்டேன்.

பிளாஸ்டிக் பக்கம் வந்தால் நிலை இன்னும் தெளிவானது. அங்கே குறு, சிறு நிறுவனங்களாக இருக்கும் பிராண்ட் உரிமையாளர்களுக்கு விலக்கு உண்டு. இறக்குமதியாளருக்கு அப்படி எந்த விலக்கும் இல்லை. உள்ளூரில் மசாலாப் பொடி பொட்டலம் போட்டு விற்கும் உங்கள் அண்டை வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் சலுகை, கப்பலில் வரும் உங்கள் பெட்டிக்குக் கிடைக்காது. பேட்டரி விதிகளிலும் குறுந்தொழில் என்ற கதவை நம்ப வேண்டாம். ஆக, விலக்கு கிடைத்தாலும் மூன்றில் ஒன்றில்தான் கிடைக்கும். மற்ற இரண்டுக்குப் பதிவு செய்துவிட்டு மூன்றாவதற்கு மட்டும் வழக்காடுவது புத்திசாலித்தனம் அல்ல. மூன்றையும் செய்துவிடுங்கள்.

கொழுந்தனாரின் யோசனையை இங்கேயே ஒதுக்கிவிடலாம். வேறொருவர் இறக்குமதி செய்தாலும் பெட்டியில் இருப்பது உங்கள் பிராண்ட். பிறர் செய்ததைத் தன் பிராண்டில் விற்பவரும் உற்பத்தியாளர்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா? பொறுப்பு உங்களிடமே இருக்கும். கூடுதலாகச் சுங்கச் சட்டத்தில் பதில் சொல்லவேண்டிய கேள்விகளும் சேரும்.

அந்த 12,000 ரூபாய்ச் சான்றிதழ்

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்தது இதுதான். அந்த ஏஜென்ட் உங்களுக்குத் தருவதாகச் சொல்வது என்ன? வடமாநில மறுசுழற்சி நிறுவனம் ஒன்றின் லெட்டர்பேடில் கையெழுத்திட்ட ஒரு தாள். “மாதிரி” என்று அவர் உங்கள் போனுக்கு அனுப்பிய படத்தில் உங்கள் பொருளின் எடை இல்லை, எந்த நிதியாண்டு என்றும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நல்ல கண் உங்களுக்கு.

பதிவெண் வேறு, மறுசுழற்சி நடந்ததற்கு ஆதாரமான ஈ.பி.ஆர். சான்றிதழ் வேறு. அந்தச் சான்றிதழ் தாளாக வருவதே இல்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை எவ்வளவு பொருளை எடுத்து எவ்வளவு மீட்டது என்று வாரியத்தின் இணையதளத்தில் கணக்குக் காட்ட வேண்டும். அதன் அடிப்படையில் சான்றிதழ் அங்கேயே உருவாகும். அதைத்தான் நீங்கள் விலைகொடுத்து உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ள முடியும். மின்னணுக் கழிவில் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய உலோகங்களின் அளவில் அது கணக்கிடப்படுகிறது. வெளியில் கைமாறும் பி.டி.எஃப். எதுவும் செல்லாது.

இணையதளத்திற்குள்ளும் ஏமாற்று நடந்திருக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2023-இல் மத்திய வாரியம் பிளாஸ்டிக் மறுசுழற்சி நிறுவனங்களைத் தணிக்கை செய்தபோது, குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த சில நிறுவனங்கள் லட்சக்கணக்கில் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்தது வெளிப்பட்டது. எடுக்காத பிளாஸ்டிக்குக்குச் சான்றிதழ். அந்தப் பிளாஸ்டிக் அப்போதும் ஏதோ ஓர் ஓடையில்தான் கிடந்திருக்கும். போலி என்று தெரிந்தால் சான்றிதழ் ரத்தாகும், வாங்கியவரின் கணக்கில் மீண்டும் பாக்கி ஏறும், செலவழித்த பணமும் போகும். பொய்த் தகவல் தந்ததாக முடிவானால் மின்னணுக் கழிவு விதிகளில் உங்கள் பதிவை மூன்று ஆண்டுகள் வரை ரத்து செய்யவும் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. மூன்று ஆண்டு இறக்குமதி நின்றால் உங்கள் பிராண்ட் மிஞ்சாது.

ஆகவே விற்பவர் யார் என்று பாருங்கள். வாரியத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற ஆலைகளின் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் கையெட்டும் தூரத்தில் இருக்கும் ஆலையைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாட்டிலேயே பதிவு பெற்ற ஆலைகள் உள்ளன. ஒருநாள் நேரில் போய், சரக்கு உள்ளே வருகிறதா, எந்திரம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் கணக்குக் காட்டும் ஆலையின் வாசலில் லாரித் தடமே இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

செலவு எவ்வளவு ஆகும் என்று தெரியாததால்தான் அந்த 12,000 உங்களுக்கு மலிவாகத் தெரிகிறது. தோராயமாக ஒரு கணக்குப் போடுவோம். டிரிம்மர் 200 கிராம், டிரையர் 450 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6,000 கிலோ. பொருளின் சராசரி ஆயுளைவிடக் குறைந்த காலமாகவே விற்பனையில் இருப்பவர்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய விற்பனையில் 20 சதவீதம்தான் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டிய இப்போதைய இலக்கு. அப்போதும் இதே அளவு விற்றிருந்தால் 1,200 கிலோ. வீட்டு மின்சாதனங்களுக்கு மறுசுழற்சி ஆலைக்குத் தரவேண்டியது கிலோவுக்குக் குறைந்தபட்சம் 22 ரூபாய் என்று மத்திய அரசு அடிமட்ட விலை வைத்தது. அந்த விலையை எதிர்த்துப் பெரிய நிறுவனங்கள் சில தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. அதே 22 ரூபாயில் கணக்கிட்டால் 26,400 ரூபாய். பெட்டிக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை.

பிளாஸ்டிக்கில் கடந்த இரண்டு நிதியாண்டுகளின் சராசரி எடையை எடுத்து, 2023-24 முதல் அதில் நூறு சதவீதத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். பெட்டிக்கு 30 கிராம் என்றால் 600 கிலோ. பேட்டரி 20 கிராம் வீதம் 240 கிலோ. பதிவுக் கட்டணங்களும் ஆடிட்டர் செலவும் சேர்த்துப் பார்த்தாலும், இது உங்கள் தொழில் தாங்கக்கூடிய செலவுதான். விலையில் இரண்டு மூன்று ரூபாய் கூட்டினால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ள மாட்டார். என் எடைகள் ஊகம். உங்கள் தராசில் வைத்துச் சரியான எடையை எழுதிக்கொள்ளுங்கள்.

காயலான் கடை அண்ணன்

உங்கள் கடிதத்தை நான் இரண்டாம் முறை படித்ததே இந்தப் பகுதிக்காகத்தான். சட்டத்தை மட்டும் கேட்டிருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லியிருப்பேன். வாரன்டியில் திரும்பி வந்த பொருள் உங்கள் கையில் இருக்கும்போதே மின்னணுக் கழிவாகிவிடுகிறது. அதை 180 நாட்களுக்கு மேல் குடோனில் வைத்திருக்கக் கூடாது. பதிவு பெற்றவர்களிடம்தான் தர வேண்டும். காயலான் கடையில் போட்டால் விதிமீறல். அவ்வளவுதான் சட்டம்.

ஆனால் நீங்கள் கேட்பது ஒரு மனிதரின் பிழைப்பைப் பற்றி. அந்த அண்ணன் ஒயரைக் கொளுத்துவது செம்புக்காக. மேலே இருக்கும் பி.வி.சி. எரியும்போது டையாக்ஸின் போன்ற நச்சுகள் வெளிவருகின்றன. முதலில் அதைச் சுவாசிப்பவர் அவர்தான், பிறகு பக்கத்தில் விளையாடும் பிள்ளைகள், பிறகு உங்கள் குடோனில் வேலை செய்யும் பெண்கள். சென்ற வருடம் அவர் கடையில் ஒரு சாக்கு தானாகவே புகைந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது தற்செயல் அல்ல. லித்தியம் பேட்டரிகளைச் சாக்கில் அடைத்து மேலே இரும்பை ஏற்றினால், நசுங்கிய ஒன்று உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகிச் சூடேறும், பக்கத்தில் இருப்பதையும் பற்றவைக்கும். அன்று புகையோடு நின்றது நல்ல காலம். அவர் பிழைப்பைக் காப்பதாக நினைத்து நீங்கள் அவரிடம் தந்த பேட்டரிகள் அவர் உயிருக்கே ஆபத்து. வேண்டுமென்று நீங்கள் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இன்றிலிருந்து ஒரு பேட்டரிகூட அவர் கைக்குப் போகக் கூடாது.

அதற்காக அவரோடு உறவை முறிக்க வேண்டியதில்லை. அட்டைப் பெட்டி, மரப்பலகை, ஸ்டீல் ரேக், இரும்பு ஆகியவற்றை முன்போலவே அவருக்குப் போடுங்கள். உங்கள் குடோனில் சேரும் அட்டையே நல்ல எடை வரும். அடுத்து, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஆலையிடம் அவரை அறிமுகப்படுத்துங்கள். உடைக்காமல் எரிக்காமல் முழுப் பொருளாகச் சேர்த்துக் கொடுப்பவர்களிடம் வாங்கிக்கொள்ள ஆலைகளுக்கும் தேவை இருக்கிறது, ஏனென்றால் வீடு வீடாகப் போய்ச் சேகரிக்க அவர்களிடம் ஆள் இல்லை. ஒயரை எரித்து எடுக்கும் செம்புக்குக் கிடைக்கும் காசுக்குக் குறையாமல் முழு மோட்டாருக்கே கிடைத்தால் அவர் ஏன் கொளுத்தப் போகிறார்? விலை பேசும்போது நீங்கள் கூட இருங்கள். நம் ஊர்களில் பழைய பொருட்களை இத்தனை காலம் சேகரித்துத் தந்தவர்கள் இவர்கள்தான். அவர்களைக் குற்றவாளிகளாக்கி வெளியே தள்ளிவிட்டு எந்த மறுசுழற்சித் திட்டமும் நம் நாட்டில் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

விற்ற ஒவ்வொரு டிரிம்மரையும் திரும்ப வாங்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. 2022 விதிகள் உங்களிடம் கேட்பது இலக்கு எடைக்கு ஈடான மறுசுழற்சியை மட்டுமே. அது உங்கள் பிராண்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனாலும் உங்கள் பாதி வாடிக்கையாளர்கள் அழகு நிலையங்கள். புதுச் சரக்கு இறக்கப் போகும் உங்கள் வண்டி பழையதை ஏற்றிக்கொண்டு திரும்பலாம். பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்தும் அமைக்கத் திணறும் ஏற்பாடு உங்களிடம் இயல்பாகவே இருக்கிறது. பழைய டிரிம்மரைத் தந்தால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி என்று அறிவித்துப் பாருங்கள். இது கட்டாயம் அல்ல, என் ஆசை.

கடந்த ஆண்டுகளை மறைக்க வேண்டாம்

பதிவு செய்யும்போது விற்பனை தொடங்கிய ஆண்டைக் கேட்பார்கள். “இந்த ஆண்டுதான் தொடங்கினேன் என்று போட்டுவிடலாமா?” என்று உங்கள் ஆடிட்டர் கேட்டிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். உங்கள் ஐ.இ.சி. எண்ணில், அதாவது இறக்குமதி எண்ணில், வந்த ஒவ்வொரு சரக்கின் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியும் கஸ்டம்ஸ் கணினியில் இருக்கிறது. அதை வாரியம் கேட்டுப் பெறுவது கடினமல்ல. தாமதமாக வந்தவர் என்பது ஒரு குறை, அவ்வளவுதான். பொய் சொன்னவர் என்பது மூன்று ஆண்டு ரத்துவரை போகக்கூடிய குற்றச்சாட்டு.

உண்மையைச் சொன்னால் பழைய ஆண்டுகளுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீடு கேட்கலாம். அதைக் கட்டினால் கடமை முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நிறைவேற்றாத எடை மூன்று ஆண்டு வரை உங்கள் கணக்கில் தொடரும். ஆனால் இதில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. மின்னணுக் கழிவில், விடுபட்ட எடையை ஓராண்டுக்குள் ஈடுசெய்தால் கட்டிய இழப்பீட்டில் 85 சதவீதம் திரும்பக் கிடைக்கும். இரண்டாம் ஆண்டில் 60, மூன்றாம் ஆண்டில் 30. முதல் ஆண்டிலேயே முடித்துவிடுங்கள்.

ஒருவேளை நோட்டீஸ் வந்தால் பயந்து பணத்தைக் கட்டிவிடவும் வேண்டாம், பதில் போடாமல் விடவும் வேண்டாம். உங்கள் தரப்பைக் கேட்காமல் யாரும் உத்தரவு போட முடியாது. அபராத உத்தரவு தவறென்றால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. தானாக முன்வந்து பதிவு செய்தவர், சரியான எடையைக் காட்டியவர் என்பதுதான் அங்கே உங்களுக்குப் பெரிய பலம். அதனால் இன்று முதல் எல்லா இன்வாய்ஸையும், ஆலைக்கு அனுப்பிய சரக்கின் எடைச்சீட்டையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.

சீனாவிலிருக்கும் சப்ளையரிடம் கேட்டுப் பெறவேண்டியதும் ஒன்று உண்டு. ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், இரண்டு வகைப் புரோமின் தீத்தடுப்பான்கள் ஆகியவை ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, காட்மியம் 0.01 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்கான உறுதிமொழியையும் பரிசோதனை அறிக்கையையும் ஆர்டரோடு கேளுங்கள். ஐரோப்பாவுக்கு அனுப்பும் ஆலையாக இருந்தால் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கும். பேட்டரியிலோ அதன் உறையிலோ குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிச் சின்னம் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். அடுத்த ஆர்டரிலிருந்து பிளாஸ்டிக் தட்டுக்குப் பதிலாக அட்டைத் தட்டு கேளுங்கள். 600 கிலோவில் பெரும்பகுதி அங்கேயே குறைந்துவிடும்.

விற்பனைத் தளம் தந்த 30 நாளில் மீதி எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்குள் மூன்று பதிவும் கைக்கு வந்துவிடும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் விண்ணப்பங்களை இந்த வாரமே போட்டுவிடலாம். ஜி.எஸ்.டி. சான்றிதழ், பான், ஐ.இ.சி., கடந்த ஆண்டுகளின் இறக்குமதி விவரம், மாடல் வாரியாக எடை ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒப்புகை எண் வரும். அந்த எண்களையும் கட்டணம் கட்டிய ரசீதுகளையும் இணைத்து, பதிவெண் வந்தவுடன் அனுப்புவதாகக் கூறிக் கால அவகாசம் கேட்டு, கெடு முடிவதற்கு முன்பே தளத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசிவிட்டு விட்டுவிடாதீர்கள்.